காப்பகத்தில் காலை ஜெபம் கட்டாயமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மனித வணிகத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்காக எங்கள் சபை நடத்தும் காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் தொண்டு செய்கிறேன். காலை ஜெபத்துக்கு எல்லோரும் வர வேண்டும் என்பது அங்குள்ள விதி. அண்மையில் வந்த ஒரு பெண் வர மறுக்கிறார். "நம்மிடம் தங்கிச் சாப்பிடுகிறவர் அரைமணி நேரம் உட்காரக் கூடாதா?" என்று நிர்வாகக் குழுவில் கேட்கிறார்கள். அவரை வற்புறுத்துவது சரியா, ஐயா?

பதில்: சரியல்ல, சகோதரி. குழுவினர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. தங்களுக்கு அருமையான ஒன்றைப் பிறருக்கும் கொடுத்துவிடத் துடிக்கிறார்கள். ஆனால் "சாப்பாடு போடுகிறோம், சொன்னதைச் செய்" என்னும் பேச்சை அந்தப் பெண் ஏற்கெனவே வேறோர் இடத்தில், வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கக்கூடும். உணவு, உறைவிடம், பயணச் செலவு எல்லாவற்றையும் கடனாக எழுதி வைத்து, அந்தக் கணக்கைக் காட்டியே ஆளைக் கட்டிப்போடுவது இந்த வணிகத்தின் மிகப் பழைய தந்திரங்களில் ஒன்று. எப்போது எழ வேண்டும், யாரோடு பேசலாம், எங்கே போகலாம் என்பதையெல்லாம் பிறரே முடிவு செய்த ஒருவருக்கு, "நான் வரவில்லை" என்று சொல்லியும் அடியோ பட்டினியோ நேராத ஒரு நாள் எத்தனை பெரியது என்பதைக் குழுவினர் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

உபாகமம் 23ஆம் அதிகாரத்தின் 15, 16ஆம் வசனங்களைக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். எஜமானிடமிருந்து தப்பி வந்தவனைத் திரும்ப ஒப்படைக்கக் கூடாது என்பதோடு அந்தக் கட்டளை நின்றுவிடவில்லை. வந்தவன் தனக்குச் சம்மதமான ஊரைத் தானே தெரிந்துகொண்டு அங்கே குடியிருக்கட்டும், அவனை ஒடுக்காதே என்றும் சொல்கிறது. முதற்பாதியைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். பிற்பாதியை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே ஜெபம் நடக்கட்டும், நேரத்தை எல்லோருக்கும் அறிவியுங்கள், கதவும் திறந்திருக்கட்டும். ஆனால் உணவு, படுக்கை, மருத்துவம், வழக்கறிஞர் உதவி, தொழிற்பயிற்சி ஆகிய எதுவும் அந்த வருகையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. பேரிடர் நிவாரணப் பணிக்காகச் செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து 1994இல் நடத்தை நெறி ஒன்றை வகுத்தபோது, எந்தச் சமயக் கருத்தையும் பரப்பும் கருவியாக உதவியைப் பயன்படுத்துவதில்லை என்பதைக் கிறிஸ்தவ உதவி நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. காப்பகத்துக்கும் அது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்குபவர்களின் கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் கைப்பேசியும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அப்படியானால் சாவியை உடையவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அவர்களைச் சுரண்டியவர்களும் ஆவணங்களைப் பிடுங்கி வைத்துத்தான் அடக்கி ஆண்டிருப்பார்கள்.

கேள்வி: மீட்கப்பட்ட இளம்பெண் ஒருவரை எங்கள் கன்வென்ஷன் கூட்டத்தில் சாட்சி சொல்ல அழைக்க விரும்புகிறோம். அவரும் சம்மதித்துவிட்டார். ஊழியத்துக்குக் காணிக்கை சேரவும் அது உதவும். இதில் தவறு உண்டா?

பதில்: அவர் இன்னும் உங்கள் கூரையின் கீழ் இருக்கிறார் என்றால், அந்தச் சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உண்ணவும் உறங்கவும் உங்களை நம்பியிருப்பவர் உங்கள் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பார்? கூட்டத்தில் யாரோ ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய பிள்ளையின் கையிலும் அது கிடைக்கும். வழக்கு நிலுவையில் இருந்தால், மேடையில் சொன்னதற்கும் நீதிமன்றத்தில் சொல்வதற்கும் இடையிலுள்ள சின்ன வேறுபாட்டைக்கூட எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார். கடத்தப்பட்ட பெண்களை நேர்காணல் செய்வோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மறுவிதமாகத் தெரியவரும் வரையில் ஆபத்து மிகப் பெரியது என்றே வைத்துக்கொண்டு நடக்கும்படி கூறுகின்றன. அடைத்த அறையில் ஒருவரிடம் பேசுவதற்கே அவ்வளவு கவனம் வேண்டுமானால், ஒலிபெருக்கிக்கு எவ்வளவு வேண்டும்!

சூடானில் சிறுமியாக இருந்தபோதே பிடிக்கப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட ஜோசபின் பக்கித்தாவின் வாழ்க்கையை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்ட அவர், எஜமானி திரும்பி அழைத்தபோது போக மறுத்து, வெனிஸில் கனோசியன் சகோதரிகளின் இல்லத்திலேயே இருந்துகொண்டார். அவர் யாருக்கும் அடிமையல்லர் என்று நீதிமன்றம் 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றது 1890 ஜனவரி 9 அன்று. (இந்த வரிசையை முதல் கேள்வி கேட்ட சகோதரியின் குழுவும் கவனிக்கலாம்.) அவருடைய கதை நூலாக வெளிவந்ததோ 1931இல், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர். அவர் இறந்த பிப்ரவரி 8ஆம் நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை 2015 முதல் மனித வணிகத்துக்கு எதிரான ஜெப நாளாகக் கடைப்பிடிக்கிறது. உங்கள் காணிக்கைக்கு ஒரு கதை வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்குப் போய் ஏமாந்து திரும்பிய ஒரு ஆண் எங்கள் போதகரிடம் உதவி கேட்டு வந்தார். அவரே விரும்பிக் கையெழுத்திட்டுத்தானே போனார், அவரை எப்படிக் கடத்தப்பட்டவர் என்று சொல்வது?

பதில்: "கடத்தல்" என்ற சொல் நம்மைக் குழப்புகிறது, வாயைப் பொத்தி வண்டியில் ஏற்றுவதையே அது நினைவூட்டுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2000இல் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறையின்படி, சுரண்டும் நோக்கத்தோடு ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்தியோ ஆள் சேர்ப்பதே குற்றம். அங்கே அவருடைய சம்மதம் கணக்கில் வராது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் ஏமாற்றியதைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. ஆண் என்பதாலும் தயங்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, கட்டாய உழைப்பில் சிக்கியிருந்த 2 கோடியே 76 லட்சம் பேரில் பெண்களும் சிறுமிகளும் 1 கோடியே 18 லட்சம். மற்றவர்கள் ஆண்களும் சிறுவர்களும். அப்படியிருந்தும் சபைகள் காப்பகம் என்றாலே பெண்களுக்கானது என்றுதான் எண்ணுகின்றன.

அவருக்கு முதலில் தங்க இடமும் மருத்துவப் பரிசோதனையும் தேவை. பிறகு ஊதிய பாக்கி பற்றி ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். தரகர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் கையெழுத்திட்ட தாளையும் வெட்கத்தில் அழித்துவிடாமல் வைத்திருக்கும்படி இன்றே அவரிடம் சொல்லுங்கள்.