எக்ஸெல்ல இறக்குனா முடிஞ்சுதே, பொண்ணு எதுக்கு ஏபிஐ கத்துக்கறா?

பொண்ணு எம்ஏ சைக்காலஜி, ஆன்லைன் சர்வே டேட்டாவ ஆர்ங்கற புள்ளிவிவர சாஃப்ட்வேருக்குள்ள ஏபிஐ வழியா கொண்டுவர்றேன்னு ரெண்டு வாரமா உக்காந்திருக்கா, பட்டன அமுக்குனா எக்ஸெல்லா வந்துடுதே, நேரத்த வீணாக்கறாளோன்னு கேட்டிருக்கீங்க. வீணாக்கல சார்.

ஒரே ஒரு தடவை எடுக்கற சர்வேன்னா நீங்க சொல்றதுதான் சரி, இறக்கிட்டு வேலைய பாக்கலாம். வேலைக்கு போற இடத்துல கத வேற. மார்க்கெட் ரிசர்ச், ஹெச்ஆர் டீம், பொது சுகாதார ஆய்வு, எங்க போனாலும் பதில் தினமும் வந்துட்டே இருக்கும், வாராவாரம் ரிப்போர்ட் கேப்பாங்க, ஒவ்வொரு தடவையும் கையால இறக்கி காலம் (நெடுவரிசை) பேர மாத்தி வரிய அழிச்சுன்னு பண்ணா மூணாவது வாரம் எத அழிச்சோம்னு நமக்கே ஞாபகம் இருக்காது. ஏபிஐன்னா சர்வே தளத்துக்கிட்ட புரோகிராமே நேரா கேட்டு டேட்டா வாங்கற வழி, அவ்ளோதான். ஸ்கிரிப்ட ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் ஓட்டுனா போதும், இந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா காட்டவும் முடியும்.

இதுக்கு மேல ஃபோன அவகிட்ட குடுங்க சார்.

ஏம்மா, நீ டெவலப்பர் ஆக வேண்டாம். உன் சர்வே தளம் குவால்ட்ரிக்ஸ்னா அதே பேர்லயே ஆர் பேக்கேஜ் (ரெடிமேட் கோட் தொகுப்பு) இருக்கு, உள்ள அது எக்ஸ்போர்ட் ஆரம்பின்னு சொல்லும், முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேட்டுட்டே இருக்கும், முடிஞ்சதும் ஃபைல இறக்கும். லைம்சர்வே தளம்னா, அட்மின் செட்டிங்ஸ்ல ரிமோட்கன்ட்ரோல்ங்கற ஏபிஐ வசதிய ஆன் பண்ணலன்னா தலைகீழா நின்னாலும் ஒண்ணும் வராது, ஆன் பண்ணி வந்தாலும் பேஸ்64-ல புரியாத எழுத்தா கொட்டும், அத டீகோட் பண்ணணும். 401ன்னு எரர் வந்தா டோக்கன (தளம் உனக்கு குடுக்கற ரகசிய சாவி) பாரு, 429 வந்தா ரொம்ப வேகமா கேக்கறேன்னு அர்த்தம், கொஞ்சம் நிறுத்தி கேளு. கைடு எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர் ஃபைலாதான் வேணும்னு அடம் பிடிச்சா (பிடிப்பாங்க) ஆர்லயே ஹேவன் பேக்கேஜ் வெச்சு லேபிளோட எழுதி குடுத்துடலாம்.

டோக்கன் உன் பாஸ்வேர்டு மாதிரி, ஸ்கிரிப்ட்டுக்குள்ள எழுதாத, தனியா என்விரான்மென்ட் ஃபைல்ல வை. தெரியாம கிட்ஹப்ல (கோட் ஏத்தி வெக்கற தளம்) ஏத்திட்டா ஃபைல அழிச்சா மட்டும் பத்தாது, பழைய ஹிஸ்டரில அப்படியே கிடக்கும், டோக்கனையே கேன்சல் பண்ணிட்டு புதுசு வாங்கு.

ஆனா இன்டர்வியூல இத எல்லாம் பெருசா நோண்ட மாட்டாங்க. வந்த டேட்டா சரியா இருக்குன்னு எப்படி தெரிஞ்சுக்கிட்டேன்னு கேப்பாங்க, பல பேர் முழிக்கறது அங்கதான். தளத்துல காட்டற எண்ணிக்கையும் உன் வரிசை எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கா, நீயே டெஸ்ட்டுக்கு போட்ட பதில் உள்ள கலந்திருக்கா பாரு. குவால்ட்ரிக்ஸ் சிஎஸ்வில (எக்ஸெல்ல திறக்கற சாதா டேட்டா ஃபைல்) மேல மூணு ஹெட்டர் வரி இருக்கும், அத கவனிக்காம சாதாரணமா படிச்சா நம்பர் காலமெல்லாம் எழுத்தா மாறிடும். கேள்விய நடுவுல திருத்தியிருந்தா ஒண்ணுலேர்ந்து அஞ்சு வர வேண்டிய ஸ்கேல் ஒண்ணு, ரெண்டு, நாலு, ஆறு, ஏழுன்னு வரலாம், அத அப்படியே சராசரி எடுத்தா தீசிஸே கோவிந்தா. ஒண்ணுக்கு மேல டிக் பண்ற கேள்வி ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு காலமா பிரிஞ்சு வரும், காலியா இருந்தா டிக் பண்ணலையா இல்ல அந்த கேள்வியே அவங்களுக்கு வரலையான்னு பாத்து தனித்தனியா குறிச்சு வை, இது ஒண்ண ஒழுங்கா விளக்கத் தெரிஞ்சாலே எதிர்ல உக்காந்திருக்கறவங்க நிமிந்து பாப்பாங்க. அப்புறம் ஐபி அட்ரஸ், இருப்பிடம் மாதிரி காலம் நீ கேக்காமலே வந்து நிக்கும், தேவையில்லன்னா முதல் வேலையா தூக்கிடு, பதில் சொன்னவங்கள காப்பாத்தறது உன் பொறுப்பு.

பத்து கேள்வில ஒரு சின்ன சர்வே போட்டு, ஃப்ரெண்ட்ஸ் முப்பது பேர பேர் கேக்காம நிரப்ப வெச்சு, இறக்கறதுலேர்ந்து டேபிள் வரைக்கும் ஒரே ஸ்கிரிப்ட்டா பண்ணி வை, ரெஸ்யூமேல அது போதும். ஆனா தீசிஸ் தேதி கிட்ட வந்துடுச்சுன்னா, இன்னும் ரெண்டு நாள்ல கனெக்ட் ஆகலேன்னா, அப்பா சொல்ற மாதிரி சிஎஸ்விய இறக்கிட்டு அனாலிசிஸ ஆரம்பி, ஏபிஐய வைவா முடிஞ்சு பாத்துக்கலாம்.