காய்ச்சல் வந்தது, கோபம் வந்தது

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் மாலை வேளைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று எழுதிப் போட்டிருந்தேன். ‘ஐ காட் ஆங்ரி’ என்ற வரி வந்ததும், “கோபத்தை யாரிடமிருந்து பெறுவது மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அகராதியைப் பார்த்தால் பொருள்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வைப்பதா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டவே வேண்டாம். அந்த மாணவி அருமையாகக் கேட்டிருக்கிறாள். அங்கிருந்தே தொடங்குங்கள்.

விடுப்புக் கடிதத்தில் ‘ஃபீவர் கேம் டு மி’ என்று பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். அது தமிழிலிருந்து வந்தது என்று எடுத்துச் சொல்வதில்லை. தமிழில் நமக்குக் காய்ச்சல் வருகிறது, கோபம் வருகிறது, பரிசு கிடைக்கிறது, கணக்கு புரிகிறது. அவை எழுவாயாக அமர்ந்துகொள்ள, நாம் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். ஆங்கிலம் ஆளை எழுவாயாக்கிவிட்டு, வந்தது, கிடைத்தது, புரிந்தது எல்லாவற்றையும் ‘கெட்’டின் இறந்தகால வடிவமான ‘காட்’ என்ற ஒரே வினையிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஐ காட் எ ஃபீவர். ஐ காட் ஆங்ரி. ஐ காட் எ பிரைஸ். ‘ஐ காட் இட்’ என்றால் புரிந்துவிட்டது. ‘பார்க்க வாய்ப்புக் கிடைத்தது’ என்பதும் ‘ஐ காட் டு சீ’தான்.

கரும்பலகையில் ஒரு பக்கம் ‘எனக்கு’ வாக்கியங்களைப் பிள்ளைகளே எழுதட்டும்; மறுபக்கம் ‘ஐ காட்’ என்று மாற்றட்டும். ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ இரண்டும் இதில் சேரா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். ‘ஐ காட்’ என்று சொல்லப் புதிதாக ஏதோ நேர வேண்டும்.

‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’ பற்றிக் கவலை வேண்டாம். 29சி பஸ்ஸில் ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் பாடம். ஒருவரைச் செய்ய வைக்கும் ‘கெட்’டுக்கு நம்மிடமே ‘வேலை வாங்கு’ இருக்கிறது.

இந்தச் சொல்லைத் தாழ்வாக எண்ணி, எங்கும் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ என்றே எழுத வைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவை பிரெஞ்சு வழியாக வந்தவை. அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தும். ‘கெட்’ ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி தந்தது. ஆங்கிலேயர் வீட்டுக்குள் பேசுவது இதைத்தான். கூச்சமில்லாமல் பேச வேண்டிய பிள்ளைக்கு இதுவே முதலில் வேண்டும்.

அமெரிக்கப் படம் பார்த்துவிட்டு யாராவது ‘கெட்’டின் முடிந்த வடிவத்தை ‘காட்டன்’ (gotten) என்று எழுதினால் தவறு என்று அடித்துவிடாதீர்கள். அமெரிக்க வழக்கு அது. தேர்வில் ‘காட்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.