ஒரு கற்பனை உலகில் எது கேனன் என்பதை யார் முடிவு செய்வது?

கேள்வி கேட்டவர் ஸ்டார் வோர்ஸ் என்ற விண்வெளித் திரைப்படங்களை ஒட்டி வந்த நாவல்களைத் தேடித்தேடிப் படித்தவர். 2014இல் அவை கேனன் (அந்த உலகத்தில் உண்மையாக நடந்ததாக ஏற்கப்படும் கதைத் தொகுதி) இல்லை என்று அறிவித்துவிட்டார்களே, அப்படியென்றால் நான் படித்ததெல்லாம் நடக்கவே இல்லையா, நான் எழுதப்போகும் ரசிகர் கதையில் அவற்றைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேனன் என்பது அடுத்த கதையை எழுதப்போகிறவருக்குப் போடும் கட்டு. அதைப் போடும் உரிமை அந்த உலகத்தின் சொந்தக்காரருக்கு உண்டு. வாசகர் மனதில் ஒரு கதை எவ்வளவு காலம் இருக்கலாம் என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது.

2012இல் ஸ்டார் வோர்ஸின் சொந்தக்காரரான லூகாஸ்பிலிம் கம்பனியை டிஸ்னி வாங்கியது. 2014 ஏப்ரலில் ஆறு திரைப்படங்களையும் குளோன் வோர்ஸ் அனிமேஷனையும் வைத்துக்கொண்டு, அதுவரை வந்த நாவல்கள், கொமிக்ஸ், கேம்கள் எல்லாவற்றையும் 'லெஜண்ட்ஸ்' என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். அப்போது எத்தனையோ ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அந்த முடிவு நியாயமாகத்தான் படுகிறது. 1999இல் வந்த ஒரு நாவலில், படங்களின் முக்கிய பாத்திரமான சூபாக்கா செத்துவிட்டார். நாயகர்களான ஹானுக்கும் லேயாவுக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பெரிய ஆட்களாகிவிட்டார்கள். 2015இல் புதுப் படம் எடுப்பவர் இவ்வளவையும் சுமந்துகொண்டு எப்படி எடுப்பது? அதற்கு முன்பும் நாவல்கள் படங்களுக்குச் சமமாக இருந்ததில்லை. லூகாஸ்பிலிமிடம் படிநிலை ஒன்று இருந்தது. படம்தான் மேலே, நாவல் படத்தோடு முரண்பட்டால் படம் சொல்வதே செல்லும்.

ஆனால் விலக்கியதெல்லாம் விலகிப் போய்விடவில்லை. கோரஸ்கன்ட் என்ற தலைநகரக் கோளின் பெயர் முதலில் வந்தது 1991இல் திமோதி ஸான் எழுதிய நாவலில். 1999 படம் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது. அதே நாவலில் அறிமுகமான தளபதி த்ரோன் 2014இல் வெளியே போனார். 2016இல் ரெபெல்ஸ் அனிமேஷன் தொடர் வழியாகத் திரும்ப உள்ளே வந்தார். வாசகர்கள் இருபது வருடத்துக்கு மேலாக அவரைக் கைவிடாமல் பேசிக்கொண்டிருந்திருக்காவிட்டால் அவரைத் திரும்பக் கூட்டிவர யாருக்குத் தோன்றியிருக்கும்?

கதையை எழுதியவர் யார் என்பதை மட்டும் வைத்தும் இதைத் தீர்க்க முடியாது. ஷேர்லொக் ஹோம்ஸைப் பாருங்கள். 56 சிறுகதை, 4 நாவல், மொத்தம் அறுபதும் கேனன் என்று ரசிகர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பனியும் அறிவித்த கணக்கில்லை இது. ஹோம்ஸைப் படைத்த கொனன் டொய்லே தன் கையாலேயே 1896இலும் 1924இலும் ஹோம்ஸையும் அவர் நண்பர் வொட்சனையும் வைத்து எழுதிய இரண்டு குட்டி விளையாட்டுக் கதைகள் இந்த அறுபதில் வருவதில்லை. அதே சமயம், முதல் நாவலில் வொட்சனுக்குத் தோளில் பட்ட குண்டு இரண்டாவது நாவலில் காலில் பட்டதாக வருகிறது. இரண்டு நாவலும் கேனனுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே முரண்பாடு இருக்கிறது என்பதற்காக ஒரு கதையை வெளியே தள்ளவும் தேவையில்லை. தோளா காலா என்று நூறு வருடத்துக்கு மேலாக ஆட்கள் அன்போடு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வாதமும் இப்போது அந்த உலகத்தில் ஒரு பகுதி.

நான் இலங்கையின் கிழக்கிலுள்ள காரைதீவுக்காரன். ஒரு கதை இரண்டு ஏடாக வாழ்வது எங்களுக்குப் புதிதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால், அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்கு வரைக்கும் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தைப் படிப்பார்கள். அதில் கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டுமென்று மீகாமன் என்ற கப்பல் தலைவன் கப்பலேறிப் போகிறான், வெடியரசன் என்ற அரசனோடு போர் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் சிலப்பதிகாரத்தில் இந்தக் கடலோட்டமே கிடையாது. கோயில்களில் ஏட்டிலும் கைப்பிரதியிலும் இருந்த வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். அச்சுக்கு வரும் முன்பும் அது ஊருக்கு முழுக் கதையாகத்தான் இருந்தது. இளங்கோவடிகள் எழுதவில்லை, அதனால் மீகாமன் கதை செல்லாது என்று கண்ணகி கோயில் உள்ள தம்பிலுவிலிலோ செட்டிபாளையத்திலோ போய்ச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதும் ஒருவர் மீகாமனை உள்ளே கொண்டுவந்தால் அதுவும் பிழை. (வழிபாட்டையும் சினிமாவையும் ஒரே தட்டில் வைப்பதாக நினைக்க வேண்டாம். நான் சொல்வது கதை வாழும் விதத்தை மட்டும்.) எந்த ஏட்டில் நின்று பேசுகிறோம் என்று தெரிந்தால் சண்டைக்கே இடமில்லை.

அதற்காக அவரவருக்குப் பிடித்ததெல்லாம் கேனன் என்றும் சொல்லமாட்டேன். அப்படிப் போனால் இரண்டு பேர் ஒரே கதையைப் பற்றிப் பேசவே முடியாது. ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரில் திரையில் வந்தது மட்டும் கேனன் என்பது பொதுவான வழக்கம். டொக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடருக்கு பிபிசி அப்படி ஒரு பட்டியலே போட்டதில்லை. எழுத்தாளர் மேடையில் சொல்வதை நான் ஒரு தகவலாக எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஹரி பொட்டர் கதையின் டம்பிள்டோர் ஓரினச்சேர்க்கையாளர் என்று எழுத்தாளர் ரௌலிங் 2007இல் மேடையில் சொன்னது ஏழு புத்தகங்களில் எங்கும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. புத்தகத்தில் வராததற்கு நான் கட்டுப்பட வேண்டியதில்லை.

இனி உங்கள் ரசிகர் கதை. தாராளமாக நாவல்களை எடுங்கள். ஆனால் 1983 படத்துக்குப் பிந்திய காலத்தில் கதை நடந்தால் இரண்டு தொகுதியையும் கலக்காதீர்கள். லெஜண்ட்ஸில் ஹானுக்கும் லேயாவுக்கும் ஜேசன், ஜேனா, அனகின் என்று மூன்று பிள்ளைகள். புதுக் கேனனில் பென் மட்டும். கலந்தால் குடும்பமே சிக்கலாகிவிடும். எந்தத் தொகுதியில் நின்று எழுதுகிறீர்கள் என்று கதைக்கு மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள். த்ரோன் வருகிறார் என்றால் எந்த த்ரோன் என்பதையும் எழுதுங்கள்: நாவல் த்ரோன் 1993 புத்தகத்திலேயே கொல்லப்பட்டுவிட்டார், திரைத் த்ரோன் 2023 தொடரிலும் உயிரோடுதான் இருக்கிறார்.