பொடக்காலிப் (வீட்டுக் கொல்லை) பழமரங்கள்: கவாத்து (கிளை கழித்தல்) கேள்வி பதில்

மாங்காய் பறித்து முடிந்து ஆடிக்காற்று கிளம்பும் சமயம் இது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “இப்போது வெட்டலாமா?” என்பதுதான். எல்லா மரத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மா, முற்றிய கிளை நுனியில் பூக்கும். கொய்யா, புதுத் துளிரில் பூக்கும். அது தெரியாமல் இரண்டையும் ஒட்டுக்கா ஒரே நாளில் ஆள் விட்டுக் கழித்தால் ஏதாவது ஒன்றில் காய் போய்விடும்.

காங்கேயம்: அண்ணா, எங்கள் ஒட்டு மாமரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். போன கார்த்திகையில் நன்றாகக் கழித்துவிட்டோம். தையில் பூவே வரவில்லை. உரம் போதவில்லையா?

உரத்தின் மேல் பழி போடாதீர்கள் தம்பி, வெட்டின மாதம்தான் தப்பு. இலை கரும்பச்சையாகி நாலைந்து மாதம் முற்றிய நுனியில்தான் மாவுக்குப் பூங்கொத்து வரும். தையில் பூக்க வேண்டிய நுனிகளைக் கார்த்திகையிலேயே வெட்டிப் போட்டுவிட்டீர்கள். காய் பறித்ததும் ஆரம்பித்து ஆவணிக்குள் கவாத்தை முடித்துவிட்டால், பிறகு வரும் துளிர் மார்கழிக்குள் முற்றிவிடும்.

காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்ளே நெட்டுக்குத்தலாகக் கிளம்பும் போத்து, இவற்றை எடுங்கள். நடுவில் ஒரு கிளையைக் குறைத்து வெளிச்சம் உள்ளே விழும்படி செய்தால் தத்துப்பூச்சி அடைவதும் குறையும். மொட்டை மட்டும் அடிக்க வேண்டாம். இலை மறைப்பு போன கிளையில் வேசகாலத்து (கோடை) வெயில் நேராக இறங்கினால் பட்டை வெடித்துவிடும். அப்புறம் இன்னொன்று: ஐப்பசி மழை ஓய்ந்தபின் பூ எடுக்கும்வரை காய்க்கிற மரத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள். துவைகல் தண்ணீர் மரத்தடிக்குப் போகிறதா என்று பாருங்கள். நிறைய வீடுகளில் மா பூக்காமல் துளிர்த்துக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே தம்பி: தொடை கனத்தில் ஒரு கிளை சுவரில் சாய்கிறது. போன முறை வெட்டும்போது பட்டை அடிமரம் வரை உரிந்துவிட்டது.

மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் அப்படித்தான் ஆகும். கிளையின் பாரம் பாதி வெட்டிலேயே அதை முறித்துப் பட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். அரிவாளை வைத்துவிட்டு ரம்பத்தை எடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் கால்வாசி அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மீதி நிற்கும் கட்டையைக் கடைசியாக எடுங்கள். கிளையும் அடிமரமும் சேரும் இடத்தில் பட்டை சுருங்கி ஒரு வளையம் போலப் புடைத்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். அந்த வளையத்தை வெட்டாமல் அதற்கு ஒட்டினாற்போல் வெளியே அறுக்க வேண்டும். காயத்தை மூடும் புதுப் பட்டை அங்கிருந்துதான் வளர்ந்து வருகிறது. கட்டையை நீட்டி விட்டால் அது காய்ந்து உளுத்து, துளைப்பான் புழு உள்ளே போக வழியாகிவிடும்.

வெட்டுவாயில் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோ போதும், இரும்புச் சட்டி ஆகாது. சாணி அப்பும் பழக்கம் நம் பக்கம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அவிநாசி: ஐயா, கொய்யா மாடி உயரம் போய்விட்டது. பழமெல்லாம் உச்சியில். அணிலும் கிளியும் தின்றது போக மீதிதான் எங்களுக்கு.

கொய்யாவை எவ்வளவு வெட்டினாலும் தாங்கும், பயப்படாதீர்கள். புரட்டாசியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை, காய்த்து ஓய்ந்த கிளைகளின் நுனியில் அரை அடிக்குள் கிள்ளிவிடுங்கள். உங்கள் மரம் இவ்வளவு உயரம் போனதால் நடுத்தண்டையும் குறைக்க வேண்டும். ஒரே தடவையில் வேண்டாம், இரண்டு பருவமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நெட்டுக்குத்தலாக நிற்கும் விரல் கனக் கிளைகளை வெட்டாமல் வளைத்துப் பாருங்கள். நுனியில் சணல் கயிறு கட்டி, தரையில் முளை அடித்து இழுத்துக் கட்டினால் போதும். நுனி தாழ்ந்ததும் அதுவரை தூங்கிய கணுக்கள் ஜோடி ஜோடியாகத் துளிர்க்கும். அந்தத் துளிரின் இலைக் கக்கத்தில் பச்சை மிளகு மாதிரி மொட்டு உட்கார்ந்திருக்கும். பூவிலிருந்து பழத்துக்கு நாலைந்து மாதம். பறிக்கும் உயரத்தில் காய் வந்துவிட்டால் உறை கட்டுவதும் சுலபம், அணிலையும் சமாளிக்கலாம்.

பொள்ளாச்சி: தென்னைக்குப் பக்கத்துக் கொய்யாவில் இலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக இருக்கிறது. இலையின் மேல்பக்கமெல்லாம் கரி பூசின மாதிரி. மரத்தையே வெட்டிவிடலாமா?

வேண்டாமுங்க. அது சுருள் வெள்ளை ஈ. நம் நாட்டில் முதன்முதலாக 2016இல் கண்டுபிடிக்கப்பட்டதே உங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னையில்தான். ஈ கழிக்கும் தேன் போன்ற நீர் கீழ் இலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. அடர்ந்த கிளையைக் கழித்து, இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். கருப்புக்கு மைதாவை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும். மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடலாம். கடும் விஷ மருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயைத் தின்று கட்டுப்படுத்தும் குட்டிக் குளவி ஒன்று உண்டு, அதுதான் முதலில் சாகும்.

கோபி: அண்ணா, சப்போட்டா நட்டு ஆறு வருஷம். தளதளவென்று இருக்கிறது, காய் இல்லை.

இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள் அக்கா. சப்போட்டா இலை நுனி கூர்மையாக இருக்கும். நுனி உள்வாங்கிப் பிளந்தாற்போல் இருந்தால் அது உலக்கைப்பாலை. அதன்மேல்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்த்ததை விட்டுவைத்தால் பாலை மேலே ஏறிச் சப்போட்டாவை அமுக்கிவிடும். மேல்கிளை உயிரோடு இருந்தால் கீழ்த்துளிரையெல்லாம் அடியோடு எடுத்துவிடுங்கள். மற்றபடி சப்போட்டாவுக்குக் கவாத்தே தேவையில்லை.

நாமக்கல்: நெல்லி பூத்துக் கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை. ஒரே மரம்தான்.

ஒற்றை மரம் என்பதுதான் குறை. தன் மகரந்தம் நெல்லிக்குச் சரியாகக் கூடாது. வேறு ரகம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்து பி.எஸ்.ஆர். 1 கிடைத்தால் நல்லது.

மூலனூர்: முருங்கையும் கேட்கலாமா? ஆடிக்காற்றில் வருஷா வருஷம் ஒடிகிறது.

முருங்கைக்குப் பேர்போன ஊர்க்காரரே கேட்கிறீர்களே! செடிமுருங்கையானால் காய் ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிடுங்கள், நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். மரமுருங்கையானால் காற்றுக்கு முன்பே நீண்ட கிளைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு பண்ணையில் மங்குஸ்தான் பார்த்தோம். வீட்டில் வைக்கலாமா?

கல்லாறு மலையடிவாரம். ஈரமும் நிழலும் ஓடைத் தண்ணீரும் அங்கே இருக்கிறது. ஈரோட்டு வெயிலுக்கும் போர் உப்புத் தண்ணீருக்கும் மங்குஸ்தான் தாக்குப்பிடிக்காது. அந்த இடத்தில் ஒரு சீத்தாவோ மாதுளையோ வையுங்கள். பழம் வேண்டுமென்றால் சீசனில் கல்லாறுக்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.