கை மறக்காத சமையல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அம்மாவுக்கு அல்சைமர், ஆரம்பக் கட்டம். அடுப்பு முன்னால் போய் நிற்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிவிடுகிறார். மறதிநோய் உள்ளவர்களுக்கான சமையல் வகுப்பில் சேர்த்தால் மறந்ததெல்லாம் திரும்புமா?

பதில்: திரும்பாது. அந்த எண்ணத்தோடு சேர்க்க வேண்டாம். எதை முதலில், எதை அடுத்து என்று வரிசைப்படுத்தும் திறன்தான் இந்த நோயில் சீக்கிரம் குலைகிறது. உரிப்பது, பிசைவது, கிளறுவது போன்ற கைப்பழக்கம் வெகுநாள் தங்கும். அதனால் வரிசை உங்கள் பொறுப்பு, கைவேலை அம்மாவுடையது. “சூப் வைக்கலாமா?” என்று கேட்டால் திகைப்பார். பட்டாணியையும் ஒரு கிண்ணத்தையும் மட்டும் முன்னால் வைத்து, நீங்கள் ஒன்றை உரியுங்கள். அவர் கை தானாகத் தொடர வாய்ப்பு அதிகம். ஒன்று சொல்லிப் பதில் வராவிட்டால் பத்து விநாடி பொறுத்து, அதே வார்த்தைகளில் திரும்பச் சொல்லுங்கள். வார்த்தையை மாற்றினால் அவர் முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் மையத்தின் சமையல் வகுப்புக்கு மறதிநோய் உள்ள ஐந்து முதியவர்கள், அவரவர் குடும்பத்தினர் ஒருவரோடு வருகிறார்கள். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம். பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். ஏன்?

பதில்: நேரம்தான் முதல் தவறு. சாயங்காலம் நெருங்க நெருங்கப் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். காலையில் வையுங்கள், சாப்பிடுவதையும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். எழுந்து போவது பெரும்பாலும் வேகும்வரை சும்மா உட்காரும்போதுதான். முன்பே வேகவைத்த ஒரு பங்கைத் தயாராக வைத்தால் அந்த இடைவெளியே இராது.

அடுத்து மேசையைப் பாருங்கள். வெள்ளை மேசை, வெள்ளைக் கிண்ணம், அதில் வெள்ளை மாவு என்றால் பலர் கண்ணுக்கு மாவே படாது. அடர் நிறக் கிண்ணம் வேண்டும். பூப்போட்ட விரிப்பு கூடாது, பூவைப் பொறுக்கப் பார்ப்பார்கள். நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நழுவாது. உப்பு டப்பாவை மேசைக்கே கொண்டுவராதீர்கள்: போட்டது மறந்து மறுபடி போடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. தேவையான அளவைச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். கிண்ணம் காலியென்றால் உப்பு போட்டாயிற்று. செய்முறையை அட்டைக்கு ஒரு வேலை, ஒரு படம் என்று பெரிய எழுத்தில் எழுதி, முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள். மிக்ஸி சத்தம் இருக்கும்போது யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்காக இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா? கத்தி கொடுக்கலாமா?

பதில்: தீ இல்லை என்பது நல்லதுதான். ஆனால் புதுப் பொத்தான்களைப் பழகுவது அவருக்குக் கடினம். பாத்திரம் சுடுகிறது என்று காட்டத் தீயும் இல்லை. பழைய அடுப்பையே வைத்துக்கொண்டு, வாயுவை அடைக்கும் வால்வை அவர் கண்ணில் படாத இடத்தில் அமைப்பது பலருக்குச் சரிவரும். எதுவானாலும் பக்கத்தில் ஆள் வேண்டும். மோப்பம் குறைவது இந்த நோயில் சகஜம் என்பதால் கருகும் வாசனையும் கெட்ட உணவின் நாற்றமும் அவரை எச்சரிக்காது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, தேதி எழுதி ஒட்டுங்கள்.

கத்தியைப் பொறுத்தவரை, முதலில் மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்கச் சொல்லிப் பாருங்கள். விரலை மடக்கிப் பிடிக்கிறாரா, தூரம் சரியாகத் தெரிகிறதா? லூயி பாடி வகை மறதிநோயில் தூரக் கணிப்பு தவறுவது அதிகம். அவர்களுக்குக் கையால் கிள்ளும் வேலை கொடுங்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுபவராக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவமும் மேசைப் பக்கம் வரக் கூடாது.

கேள்வி: என் கணவர் கேரட்டை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக நறுக்குகிறார். திருத்தினால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

பதில்: திருத்தாதீர்கள். கேரட்டை வேகவைத்து அரைக்கும் சூப்பாகத் தேர்ந்தெடுத்தால் துண்டின் அளவு ஒரு பொருட்டில்லை. பெரிய துண்டு வெந்ததா என்று மட்டும் பாருங்கள். சாப்பிடும்போது அவருக்கு இருமல் வந்தாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு, விழுங்குதல் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். வகுப்பில் சேரும்போது, அவரைத் தன்னார்வலர் பார்த்துக்கொள்ள உங்களுக்கென்று அரைமணி உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வேறு வகுப்பு தேடலாம்.