மார்கழியில் தனுஷ்கோடி: 'பெண் கடல்' என்று நம்பிக் குளிக்கலாமா?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறோம். பிள்ளைகளுக்கு எட்டும் பதினொன்றும் வயது. கூடவே எழுபது தாண்டிய மாமியார். ஆண் கடல் பக்கம்தான் ஆபத்து, பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும், அங்கே தாராளமாகக் குளிக்கலாம் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். நாமும் கடல் பார்த்து வளர்ந்தவர்கள்தானே, இறங்கலாமா? அழிந்த ஊரைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?
(வாசகி, தக்கலை)

பதில்: வேண்டாம். கால் நனையுங்கள், அதற்கு மேல் இறங்க வேண்டாம். உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வேறு மாதத்தில் போயிருப்பார்கள்.

தனுஷ்கோடி கடலுக்குள் நீண்டு கிடக்கும் மெல்லிய மணல் திட்டு. அதன் கடைசி முனையான அரிச்சல்முனையை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, அதுதான் பெண் கடல். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது வலப்பக்கம் சீறும். இடப்பக்கத்துக்கு நிலமே மறைவாக நிற்பதால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அந்த மாதங்களில் பார்த்தால் இரண்டு பெயரும் பொருத்தமாகத்தான் தெரியும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து இறங்கிவிட்டால் கதை மாறிவிடும். காற்றை நேருக்கு நேர் வாங்குவது இப்போது பெண் கடல். ஆண் கடல் பக்கம் பல நாள் அடங்கியிருக்கும். நீங்கள் போவது மார்கழியில்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் கடல் கொந்தளிப்பது ஆனி ஆடியில். டிசம்பரில் ஓரளவு தணிந்துவிடும். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பாக் நீரிணைக்கு முன்னால் நிற்கிறோம். நான் முட்டத்தில் பிறந்தவன், பல வருடமாகக் கடற்கரைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். முதல்முறை தனுஷ்கோடி போனபோது எனக்கும் இதே தப்புக் கணக்குதான். ஒரு மார்கழிக் காலையில் இடப்பக்கம் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றேன். அலை பெரிதாக இல்லை. ஆனால் ஒவ்வொரு அலை திரும்பும்போதும் குதிகாலுக்குக் கீழே மணல் கரைந்தது. பத்து அலைக்குள் கணுக்கால் புதைந்து, உடம்பு கடல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை அந்த இடத்தில் நின்றால் விழும். விழுந்த பிள்ளையை அடுத்த அலை உள்ளே எடுக்கும்.

அரிச்சல்முனையில் இன்னும் மோசம். இரண்டு பக்கத்து நீரோட்டமும் அங்கே மோதுகிறது. நீரோட்டத்தை நம் கரையில் நீவாடு என்று சொல்வோமே, அது அங்கே எந்தப் பக்கம் இழுக்கும் என்று கரையில் நின்று கணிக்க முடியாது. மணல் திட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் ஆழமில்லாத இடம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. குளிக்கக் கூடாது என்று அங்கே பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றை இப்போதே சொல்லிக் கொடுங்கள், நம் பக்கத்துச் சங்குத்துறை, சொத்தவிளைக் கடற்கரைகளில் கூட உதவும். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும். எல்லோரும் அதுதான் நல்ல இடம் என்று அங்கே போய் இறங்குவார்கள். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வர வேண்டும். நீந்தத் தெரியாதவர் பதறாமல் மிதந்தபடி கை தூக்கிக் கூப்பிட வேண்டும்.

2024 மே 6 அன்று நம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். அதனால்தான் அந்தப் பெயர். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதல்நாள் இரவு வானிலை, கடல் எச்சரிக்கை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் தனுஷ்கோடியை இன்னொரு விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். ராமேஸ்வரம் தாண்டி வரும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து 5 கிலோமீட்டரில் பழைய தனுஷ்கோடி. அங்கிருந்து இன்னும் நாலரை கிலோமீட்டரில் அரிச்சல்முனை. 2017இல் சாலை திறந்ததிலிருந்து கார் கடைசிவரை போகும், ராமேஸ்வரத்திலிருந்து பேருந்தும் உண்டு. பெரும்பாலானவர்கள் நேராக முனைக்கு ஓடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முனைக்கு அரைமணி நேரம் போதும், ஊருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் வந்து நிற்க, பயணிகள் இறங்கிக் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போன ஊர் அது. ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நீங்கள் போவது அந்த நாளை ஒட்டி என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் மணக்குடிப் பாலம் உடைந்ததும், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் உயிர்கள் போனதும் அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் தனுஷ்கோடி அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

தேவாலயச் சுவர் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பவளப்பாறைக் கற்களை வைத்துக் கட்டியது. கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் இருந்த வீடு. உப்புக்காற்று அரித்து, விரல் பட்டாலே பொடி உதிரும். ஆகவே ஏறுவதோ சாய்ந்து நின்று படம் எடுப்பதோ கூடாது. கரையில் கிடைக்கும் பவளத் துண்டை எடுத்து வராதீர்கள், அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. குடிசை போட்டு மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அவர்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றில் நல்ல தண்ணீர் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க நடுவில் குடிதண்ணீர். கேட்டுவிட்டு ஒரு கை அள்ளிக் குடித்துப் பாருங்கள்.

தக்கலையிலிருந்து தூத்துக்குடி, சாயல்குடி, கீழக்கரை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். இரவு ராமேஸ்வரத்தில் தங்கி, காலை ஏழு மணிக்கெல்லாம் தனுஷ்கோடி போய்விடுங்கள். நிழல் கிடையாது, மாமியாருக்குக் குடையும் தண்ணீரும் கட்டாயம். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே போலீஸ் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் மதியத்துக்கு மேல் கிளம்பினால் அவசரமாகத்தான் பார்க்க முடியும்.

பிள்ளைகள் கடலில் குளித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் ராமேஸ்வரம் கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தம் இருக்கிறது. ஆழம் குறைவு, சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். அங்கேயும் வாடை பலமாக அடித்தால் பிள்ளைகளுக்கு இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், ஒரு பெரியவர் அவர்களுக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும். மாமியாருக்கும் விடியற்காலையில் அங்கேயே ஒரு முழுக்குப் போடலாம். கடலோரக் காவல் உதவி எண் 1093. கிளம்புவதற்கு முன் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.