ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வீடு வீடாக வருவது நின்றுபோய்விட்டதா?

அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கி, அக்டோபர் 31 அன்று பை நிறைய சாக்லேட் வைத்துக்கொண்டு காத்திருந்தும் நாலே பிள்ளைகள்தான் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ட்ரிக் ஆர் ட்ரீட் வழக்கமே மறைந்துவருகிறதா என்பது உங்கள் கேள்வி. மறையவில்லை. உங்கள் தெருவுக்கு வராத பிள்ளைகள் வேறொரு தெருவுக்குப் போயிருப்பார்கள். நியூ ஜெர்சியில் மூன்று விதமான வீடுகளில் குடியிருந்து பார்த்ததால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

2009இல் வந்தபோது ஜெர்சி சிட்டியில் ஓர் உயரமான அபார்ட்மென்ட். இரவு ஒன்பது மணிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருவரும் தட்டவில்லை. மறுநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டம்மா கேட்டார்: “கீழே லாபியில் தாள் ஒட்டியிருந்ததே, உங்கள் வீட்டு நம்பரை எழுதவில்லையா?” அந்தக் கட்டடத்தில் அதுதான் முறையாம். விருப்பமுள்ளவர்கள் நம்பரை எழுதிவைக்க, பிள்ளைகள் மேல்மாடியில் ஆரம்பித்து அந்தக் கதவுகளை மட்டும் தட்டிக்கொண்டே இறங்கி வருவார்கள்.

அடுத்து எடிசனில் ஒரு டவுன்ஹவுஸ். வீட்டுக்கு வீடு பத்தடிகூட இருக்காது. சின்னக் கால்கள் அரை மணி நேரத்தில் இருபது வாசல் ஏறி இறங்கிவிடும். ஐந்தரைக்கு ஆரம்பித்தால் எட்டு மணிவரை தேர்த் திருநாள் மாதிரிதான். 2012 எனக்கு மறக்கவே மறக்காது. அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் கரையேறியது. மின்கம்பிகள் அறுந்து கிடக்கிற தெருவில் பிள்ளைகள் நடக்க வேண்டாம் என்று கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி உத்தரவு போட்டு, ஹாலோவீனை நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார். எங்களுக்கு முந்தின நாள்தான் கரண்ட் வந்திருந்தது. விழுந்த மரங்களை வெட்டி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு, வேஷத்துக்கு மேல் குளிர்கோட்டு மாட்டிய பிள்ளைகள் ஒவ்வொரு வாசலாக ஏறினார்கள். ஒரு வாரம் இருட்டில் கிடந்த தெருவில் அன்று எல்லா வாசல் விளக்கும் எரிந்தது. இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பற்று வந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது, இப்போது இருக்கிற சொந்த வீடு. 1970களில் போட்ட மனைப்பிரிவு. அரை ஏக்கர் மனை, நீளமான டிரைவ்வே, தெருவில் நடைபாதை கிடையாது. முதல் வருடம் உங்கள் கதைதான் எங்களுக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னபோது, சமையலறைச் சுவரிலிருந்து காலண்டரை எடுத்து வந்து காட்டினார். அக்டோபர் 31 கட்டத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், வந்த பிள்ளைக்கு ஒன்று வீதம். பழைய காலண்டர்களையும் சேர்த்துவைத்திருந்தார். முப்பது வருடத்துக்கு முந்தியதில் கட்டம் கொள்ளாமல் அடுத்த கட்டம் வரை கோடு. அப்புறம் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வருகிறது.

அந்தக் காலண்டர்களில்தான் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்படி ஒரே சமயத்தில் கட்டிய தெருவில் இளம் தம்பதிகள் ஒரே சமயத்தில் குடிவருகிறார்கள். பிள்ளைகளும் ஒன்றாக வளர்ந்து ஒன்றாகக் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோர்கள் வீட்டை விற்காமல் அங்கேயே இருக்கிறார்கள். வீட்டின் விலை ஏறுகிறது, தெருவில் பிள்ளைச் சத்தம் இல்லை. பெரியவர்கள் விற்றுவிட்டுப் போய்ப் புதுக் குடும்பங்கள் வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். உங்கள் தெரு எந்த வயதில் இருக்கிறது என்று பாருங்கள்.

விஷம் வைத்த மிட்டாய்ப் பயத்தால்தான் குறைந்தது என்று நம்மவர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது இன்சூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய அப்பா. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ விஷம் கலந்து ஏழு பேர் இறந்ததும், அந்த வருட ஹாலோவீனில் பயம் நாடெங்கும் பரவியது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல வருடச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயில் விஷம் இருந்து ஒரு குழந்தையாவது இறந்ததாக அவருக்குச் சான்று கிடைக்கவில்லை.

பயப்பட வேண்டியது காருக்குத்தான். ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் காரில் அடிபட்டு இறக்கும் வாய்ப்பு மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு சொல்லியிருக்கிறது. நடைபாதை உள்ள, விளக்கு எரிகிற தெருவைத் தேடிப் பெற்றோர்கள் காரில் கூட்டிவருவது இதனால்தான். எங்கள் வட்டாரக் குழுவில் வருடாவருடம் ஒருவர் “வெளியிலிருந்து வந்து வாங்கிப் போகிறார்கள்” என்று ஆரம்பிப்பார். எனக்கு மனம் கொதிக்கும். அப்படி வருகிறவர்கள் குடியிருப்பது வேகச் சாலை ஓரத்து அபார்ட்மென்டாக இருக்கும். அந்தக் குழந்தை வேறெங்கே போகும்? வந்த பிள்ளைக்கு வாசலில் கணக்குப் பார்க்கக் கூடாது.

சர்ச், பள்ளி கார் பார்க்கிங்குகளில் வரிசையாகக் கார்களை நிறுத்தி, டிக்கியை அலங்கரித்து அங்கேயே மிட்டாய் கொடுக்கும் ‘ட்ரங்க் ஆர் ட்ரீட்’டும் பெருகியிருக்கிறது. வீட்டுக்கு வீடு ஒரு மைல் இருக்கும் கிராமப்புறத்தில் அது பெரிய வரம். நடைபாதையும் நெருக்கமான வீடும் இருக்கிற இடத்தில் அது தெருவிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

இந்த வழக்கம் நின்று நின்று எழுந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை ரேஷனால் அடங்கி, 1947இல் ரேஷன் நீங்கியதும் நாடெங்கும் பரவியது. 2020 கொரோனாவிலும் சில வீடுகளில் மாடிப்படிக் கைப்பிடியில் நீளமான பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, மேலிருந்து மிட்டாயை உருட்டிவிட்டார்கள்.

உங்கள் தெருவில் என்ன செய்யலாம் என்றால், ஐந்தரைக்கே வாசல் விளக்கைப் போட்டுவிடுங்கள். இங்கே விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வர வேண்டாம் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் மட்டும் எரிந்தால் போதாது. தொடர்ந்து மூன்று வீடு இருட்டாக இருந்தால் பிள்ளைகள் திரும்பிவிடுவார்கள். இரு பக்கமும் நாலைந்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். உள்ளே உட்காராமல் டிரைவ்வே முனையில் நாற்காலி போட்டு உட்காருங்கள். வீட்டில் செய்த பலகாரம் வேண்டாம், பிரிக்காத பாக்கெட்தான் கொடுக்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. எங்கள் வாசலில் பரங்கிக்காய்க்குப் பக்கத்தில் அகல் விளக்கு. பட்டுப்பாவாடைக்கு மேல் சூனியக்காரித் தொப்பி வைத்துக்கொண்டு என் மகளும் நாலு தோழிகளும் முதலில் பாட்டி வீட்டு மணியை அடித்தார்கள். சாக்லேட் கிண்ணத்தை அவர்களிடமே நீட்டிவிட்டு, பாட்டி உள்ளே போய்க் காலண்டரை எடுத்து வந்தார். ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்து நாலு கோடு போட்டார். ஐந்தாவதை அவற்றின் குறுக்கே இழுத்தார்.